முகம் இறங்காத பாய்

பென்குவினின் வாயைப் பிளந்து வைத்து அதற்குள் குப்பையைப் போடச் சொல்லலாம் என்ற யோசனை முதன்முதலில் எந்தப் புண்ணியவானுக்கு வந்ததோ தெரியாது. அவன் கையில் கிடைத்தால் அவனையே ஒரு பென்குவினுக்குள் தலைகீழாகச் செருகுவதாக வேணி பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லிக்கொண்டே அதைத்தான் செய்து விற்றுக்கொண்டும் இருந்தாள். பெரம்பலூர் துறையூர் சாலையில் அவளுக்கு ஒரு ஃபைபர் பட்டறை. தண்ணீர்த் தொட்டி, பாத்ரூம் கதவு, பள்ளிக்கூடங்களுக்கு யானைச் சறுக்கு, ஊராட்சிகளுக்குப் பென்குவின். ஃபைபரை இறுக்கும் ரெசின் பசையின் நாற்றம் தலைமுடியில் ஏறி, எந்த ஷாம்பூவுக்கும் இறங்காமல் அங்கேயே குடியிருந்தது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரிகள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். வேணிக்கும் தன் நாற்றம் பிடிக்காதுதான்.

அவள் பென்குவின் செய்யப் படித்தவள் இல்லை. தா.பழூரில் நெல் விவசாயம் பார்த்த வீட்டில் பிறந்து, மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, புதுச்சேரிக்குத் தெற்கே ஒரு படகுக் கூடத்தில் படம் வரையும் வேலைக்குப் போனவள். அதற்கு முன் கடலையே பார்த்ததில்லை. கொள்ளிடத்தில் வெள்ளம் வரும்போது பார்த்ததுதான் அவளுக்குத் தெரிந்த பெரிய தண்ணீர். இருந்தாலும் கை பழகிவிட்டது. படகின் வயிறு எங்கே பருக்க வேண்டும், எங்கே ஒடுங்க வேண்டும் என்று அவள் கோடு போட்டால் முதலாளி மறுபேச்சுப் பேசமாட்டார். ஆனால் படத்தின் மூலையில் பெயர் எழுதிக்கொள்வது முதலாளியின் தம்பி. அவள் வரைந்த படகுகள் எல்லாம் அவன் பெயரில்தான் கடலுக்குப் போயின. ஒருநாள் முதலாளி கடற்கரையோரத்து இடத்தை ரிசார்ட்டாக மாற்றிவிட்டார். வேணி பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பினாள். கல்யாணம் நடந்ததும் அது நிலைக்காமல் போனதும் இதற்கு நடுவில்தான். அதைப் பற்றி அவள் பேசுவதில்லை, நாமும் விட்டுவிடலாம்.

ஓர் ஆசை மட்டும் மிச்சமிருந்தது. தானே கோடு போட்டு, தானே செய்த ஒரு சின்னப் பாய்மரப் படகு, தன் பெயரில் ஒரே ஒருமுறையாவது தண்ணீரில் நேராக ஓட வேண்டும். நேராக ஓட வேண்டும் என்பதுதான் முக்கியம். கோணலாக இருக்கும் எதைப் பார்த்தாலும் அவளுக்குக் குமட்டும். கரும்பு ஒரு பக்கமாகச் சரிந்து தொங்கும் டிராக்டர், ஒரு பக்கம் மட்டும் பால்கேன் மாட்டிக்கொண்டு போகும் மொபெட், இரண்டையும் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். சாப்பிட்ட பிறகு பார்த்தால் இன்னும் மோசம்.

அதைவிடக் குமட்டியது ஃப்ளெக்ஸ். பெரம்பலூர் நாலு ரோட்டில் இறங்கினால் வானம் தெரியாது, ஃப்ளெக்ஸ்தான் தெரியும். காதணி விழாவுக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் ஒரே பல்வரிசை. கறுத்தவரைச் சிவப்பாக்கி, வழுக்கைக்கு முடி நட்டு, வாட்ச்சைத் துருத்திக் காட்டி, சுற்றிலும் வாழ்த்தும் தலைகளைத் தட்டில் மிளகாய் வற்றல் காயவைத்த மாதிரி பரப்பியிருப்பார்கள். பஸ்ஸுக்கு நிற்கும்போது வேணி தரையைப் பார்த்துக்கொண்டே நிற்பாள்.

இப்படிப்பட்டவளிடம்தான் அறிவழகன் வந்தான். கங்கைகொண்ட சோழபுரத்துப் பக்கம் நிலபுலனும் முந்திரிக் கொல்லையும் உள்ள குடும்பம். அவனுடைய அப்பா வைத்திலிங்கம் ஒரு காலத்தில் ஊராட்சித் தலைவராக இருந்தவர். அப்பா உட்கார்ந்த நாற்காலியில் தானும் உட்கார வேண்டும் என்று மகனுக்கு ரொம்ப நாளாக அரிப்பு. தை மாதம் அப்பாவுக்கு எண்பது முடிகிறது. ஊர் அசந்துபோகிற மாதிரி ஏதாவது செய்ய வேண்டும். ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய ஏரியான பொன்னேரி அந்த வருடம் நிரம்பிக் கிடந்தது. போனில் ஏதோ ஒரு வெளிநாட்டு ஏரியில் பாய்மரப் படகு போவதைப் பார்த்தவனுக்கு மூளையில் பல்பு எரிந்துவிட்டது. அதே மாதிரி ஒரு படகில் அப்பாவை உட்கார வைத்து ஏரியைச் சுற்றி வர வேண்டும் என்றான்.

வேணிக்கு அவனைப் பார்த்ததுமே பிடிக்கவில்லை. பேசும்போது பென்குவினின் வாய்க்குள் கையை விட்டு விட்டு எடுத்துக்கொண்டிருந்தான். ஆனால் அவன் கேட்டது அவள் இத்தனை வருடம் காத்திருந்த படகு. விலைகூடப் பேசாமல் அவள் சரி என்று சொன்னதை அவன் கவனிக்கவில்லை. பட்டறையில் அவளோடு வேலை பார்க்கும் பூமாலை கவனித்தாள். பூமாலைக்கு ஐம்பதுக்கு மேல் வயது. ஃபைபர் விரித்து ரெசின் பூசுவதில் கெட்டிக்காரி, வாயைத் திறப்பது குறைவு.

பாய்மரப் படகில் கண்ணுக்குத் தெரியாத இரண்டு இடங்கள் உண்டு. பாய் முழுக்க அடிக்கிற காற்று மொத்தமும் சேர்ந்து ஓரிடத்தில் தள்ளுவது மாதிரி வேலை செய்யும். அது ஒன்று. படகின் வயிறும், நடுவில் தண்ணீருக்குள் இறக்கிய பலகையும் சேர்ந்து, படகு பக்கவாட்டில் நழுவாமல் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும் இடம் இன்னொன்று. இரண்டுக்கும் ஒத்துப்போக வேண்டும். காகிதத்தில் வரையும்போது காற்றின் இடம் தண்ணீரின் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் விழும்படி வைத்தால், ஓடுகிறபோது இரண்டும் சமாதானமாகிவிடும். காற்றின் இடம் பின்னால் போய்விட்டால் படகு பேச்சுக் கேட்காது. மூக்கைத் திருப்பித் திருப்பிக் காற்றுக்குள் நுழைக்கும். சுக்கான் பிடித்தவள் முரட்டுக் காளையின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தவள் மாதிரி இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கம்ப்யூட்டரில் கணக்குப் போடலாம், வேணி போடவும் செய்தாள். ஆனால் அவள் நம்பியது அட்டையைத்தான். யாரோ கொடுத்துவிட்டுப் போன காதணி விழாப் பத்திரிகை ஒன்று கெட்டியாக இருந்தது. அதில் படகின் தண்ணீருக்கடியில் இருக்கும் பாகத்தைப் பக்கவாட்டுத் தோற்றத்தில் வெட்டினாள். ஊசி முனையில் அதை நிறுத்தி, சாயாமல் நிற்கும் புள்ளியைக் குறித்துக்கொண்டாள். பாயையும் அதே மாதிரி வெட்டி நிறுத்தினாள். பாய்மரத்தை விரற்கடை முன்னே, விரற்கடை பின்னே என்று நகர்த்தி, இரண்டு புள்ளிகளும் எப்படி விழ வேண்டுமோ அப்படி விழுந்த அன்று, பூமாலைக்கும் சேர்த்து அல்வா வாங்கி வந்தாள். பன்னிரண்டடிப் படகு. வெள்ளைப் பாய்த்துணி புதுச்சேரியில் பழைய பழக்கத்தில் கிடைத்தது.

பாய் இல்லாமல் வெறும் படகை மட்டும் ஒருநாள் பொன்னேரிக்குக் கொண்டுபோய் இறக்கினார்கள். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, பலகையை இறக்கிவிட்டு, மூங்கில் கழியால் படகின் விலாவில் குத்திப் பக்கவாட்டில் தள்ளினாள் வேணி. முன்னால் தள்ளினால் மூக்குத் திரும்பியது. பின்னால் தள்ளினால் வால் திரும்பியது. நடுவில் ஓரிடத்தில் தள்ளியபோது படகு எந்தப் பக்கமும் திரும்பாமல் அப்படியே பக்கவாட்டில் நகர்ந்தது. அட்டையில் குறித்த புள்ளிக்கு நேரே அது இருந்தது. ஏரிச் சேறு கணுக்கால்வரை ஏறியிருக்க, அவள் அந்த இடத்தில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். வாழ்க்கையில் அருவருப்பே இல்லாமல் இருந்த நேரங்களை எண்ணச் சொன்னால் அதை முதலில் சொல்லுவாள்.

அதற்குப் பிறகுதான் நாற்காலி வந்தது.

கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை உட்காரும் சிங்க முக நாற்காலி. அதை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அறிவழகனும் அவனுடைய தங்கச்சி வீட்டுக்காரன் முத்தமிழ்செல்வனும் பட்டறைக்கு வந்தார்கள். அப்பா இதில்தான் உட்காருவார், படகின் முன்பக்கம் உட்காருவார், கரையில் இருப்பவர்கள் எல்லாருக்கும் முகம் தெரிய வேண்டும் என்றார்கள். அந்த இடத்தில் பாய்மரம் நின்றது. கம்பத்தைப் பின்னால் தள்ளிவிடு என்றான் அறிவழகன், ஏதோ டேபிள் ஃபேனைத் தள்ளி வைக்கச் சொல்வது மாதிரி.

பாயும் மாறியது. வெள்ளைத் துணியில் என்ன இருக்கிறது, ஃப்ளெக்ஸ் போடலாம், அப்பா படத்தை முழுசாக அடித்துவிடலாம் என்று முத்தமிழ்செல்வன் சொன்னான். அவன் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த யோசனையும் வந்தது. படகில் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள், யாருடைய தலைக்கும் கீழே பெரியவர் முகம் வரக்கூடாது, யாருடைய காலும் அதன் பக்கம் நீளக்கூடாது. அவர்கள் வீட்டில் படம் மாட்டினால்கூடக் கட்டிலில் படுப்பவரின் கால் எந்தப் பக்கம் நீளும் என்று பார்த்துத்தான் ஆணி அடிப்பார்கள். ஆகவே பாயை இன்னும் மேலே தூக்க வேண்டும், பாய்மரத்தை உயரமாக்க வேண்டும்.

வேணி எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினாள். அட்டையை எடுத்து, ஊசியில் நிறுத்திக் காட்டினாள். கம்பம் பின்னால் போனால் காற்றின் இடமும் பின்னால் போகும். அப்பாவின் எடை முன்னால் வந்தால் மூக்கு அழுந்தித் தண்ணீரின் இடம் முன்னால் போகும். இரண்டும் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொள்ளும். போதாததற்குப் பாய் மேலே ஏறினால் சின்னக் காற்றுக்கே படகு சாயும். அறிவழகன் அட்டையைத் திருப்பிப் பார்த்து, இது யார் வீட்டுப் பத்திரிகை, மொய் எழுதினோமா என்று மச்சானைக் கேட்டான்.

“அண்ணே, இது ஓடாது” என்றாள் வேணி.

“ஓடலன்னா பரவால்லம்மா. வாடகைக்கு ஒரு மோட்டார் படகு எடுத்துக்குறேன். ஒனக்குக் கஷ்டம்னா சொல்லு.”

அவன் மிரட்டவில்லை, உண்மையாகவே அவளுக்காக இரக்கப்பட்டுத்தான் சொன்னான். அதுதான் அவளைச் சாய்த்தது. படகு பட்டறையில் முக்கால்வாசி முடிந்து நின்றது. அதை வெட்டிப் பென்குவின் அச்சுக்குப் பயன்படுத்தவா இத்தனை வருடம் மனதுக்குள் சுமந்தோம் என்று தோன்றியது. செய்கிறேன் என்றாள். சொன்ன வாயில் கசந்தது.

சரியான இடத்தில் பாய்மரம் நிற்க அவள் அமைத்திருந்த குழியை அவளே ரெசின் ஊற்றி மூடினாள். இரண்டடி பின்னால் புதுக் குழி போட்டாள். மறுபடியும் ஓர் அட்டையை வெட்டி ஊசியில் நிறுத்திப் பார்த்தாள். இரண்டு புள்ளிகளும் இருந்த லட்சணத்தைப் பார்க்கச் சகிக்காமல் அட்டையைக் கிழித்துப் போட்டாள். சுக்கானைக் கொஞ்சம் பெரிதாகச் செய்துவிட்டால் சமாளிக்கலாம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அது பொய் என்று அவளுக்குத் தெரியும். சுக்கானைப் பெரிதாக்குவது, நோயாளிக்குப் புதுச்சட்டை போட்டுவிடுவது மாதிரி. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவள் அசையவில்லை. படகில் ஏறுகிறவர்கள் எல்லாரும் லைஃப் ஜாக்கெட் போட வேண்டும். பட்டு வேட்டிக்கு மேல் ஆரஞ்சு நிறச் சட்டை அசிங்கமாக இருக்கும் என்று பெரிய வாக்குவாதம் நடந்தது. ஜாக்கெட்டுக்கு மேல் சால்வை போர்த்திக்கொள்ளலாம் என்று கடைசியில் முடிவானது.

விழா அன்றைக்குப் பொன்னேரிக் கரை முழுக்கத் தலைகள். மின்கம்பத்துக்கு மின்கம்பம் வைத்திலிங்கம் சிரித்துக்கொண்டிருந்தார். நாற்பது வயசுக்காரர் மாதிரி மையடித்த மீசை, ரோஸ் பவுடர் பூசிய கன்னம், கையில் தங்க வாட்ச். உண்மையான வைத்திலிங்கம் ஒட்டிய கன்னமும் நாலு நாள் வெள்ளைத் தாடியுமாகக் காரில் வந்து இறங்கியபோது, வழிவிடச் சொல்லி முத்தமிழ்செல்வன் கத்த வேண்டியிருந்தது. பெரியவர் வாழ்நாளில் அந்த மாதிரி வாட்ச் கட்டியதில்லை. தன் படத்தை நிமிர்ந்து பார்த்து, இது எவன் என்று வேணியிடம் கேட்டார். அவருக்கு எல்லாமே எரிச்சலாக இருந்தது. வேணிக்கு அந்த ஒரு மனிதரை மட்டும் பிடித்தது.

பாயை ஏற்றினார்கள். ஃப்ளெக்ஸ் மடமடவென்று சத்தம் போட்டுக்கொண்டு மேலே போனது. ஏற்றிய முகத்துக்குப் பாலாபிஷேகம் வேறு. ஏணி வைத்து ஏறி ஒருவன் குடத்தைக் கவிழ்க்க, பால் பெரியவரின் மீசையில் வழிந்து, படகுக்குள் சொட்டி, வேணியின் கழுத்துக்குள்ளும் இறங்கியது. வெயிலில் அது கொஞ்ச நேரத்தில் புளித்த வாடை அடித்தது. ஆளுயர ரோஜா மாலை ஒன்றைப் பாயின் உச்சியில் கட்டினார்கள். இன்னும் எடை, அதுவும் மேலே. வேணி வாயைத் திறக்கவில்லை. அந்த நேரத்தில் அவளுக்கு மற்றவர்களைவிடத் தன்னைப் பார்த்தால்தான் அதிகமாகக் குமட்டியது. அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. தனக்கு எல்லாம் தெரியும்.

பெரியவர் சிங்க நாற்காலியில் முன்னால் உட்கார்ந்தார். அறிவழகன் கைகூப்பியபடி அவர் பக்கத்தில். பாயை ஏற்றி இறக்கும் கயிறு முத்தமிழ்செல்வனின் பொறுப்பு. காற்று ஓங்கினால் நான் சொன்ன நொடியே கயிற்றை விட வேண்டும், பாய் தானாகக் கீழே வந்துவிடும், அப்புறம் பயமில்லை என்று வேணி அவனுக்கு முன்கூட்டியே சொல்லிக்கொடுத்திருந்தாள். அவனும் தலையாட்டியிருந்தான்.

கரையை விட்டு நகர்ந்ததுமே படகு தன் குணத்தைக் காட்டியது. மூக்கைக் காற்றுக்குள் திருப்பியது. வேணி சுக்கானை இரண்டு கையாலும் மாருக்கு இழுத்தாள். கொஞ்சம் நேராக வரும், மறுபடி திரும்பும். படகு திரும்பும்போதெல்லாம் பாயிலிருந்த முகம் கரைக்குப் பக்கவாட்டாகிவிடும். முகத்தைக் காட்டச் சொல்லிக் கரையிலிருந்து கத்தினார்கள். அறிவழகனும் திரும்பி, இந்தப் பக்கம் காட்டும்மா, இந்தப் பக்கம் காட்டும்மா என்றான், போட்டோகிராபர் மாதிரி. சுக்கான் பிடி விலாவில் குத்திக் குத்தி வலித்தது. இதற்கா படகு என்று பெயர். ஒரு நல்ல உடம்பைச் செய்து, அதன் கழுத்தைத் தானே திருகி வைத்த மாதிரி இருந்தது அவளுக்கு.

கரையிலிருந்து கொஞ்ச தூரம் வந்தபோது வடகிழக்கிலிருந்து காற்று ஓங்கியது. பெரிய காற்று இல்லை. அவள் முதலில் வரைந்த படகு அதற்குச் சிரித்துக்கொண்டே ஓடியிருக்கும். இந்தப் படகு சாய்ந்தது. சாயச் சாய மூக்கு இன்னும் வேகமாகத் திரும்பியது. சுக்கானில் பிடிமானமே இல்லை.

“கயித்த வுடுங்க” என்றாள் வேணி.

முத்தமிழ்செல்வன் மேலே பார்த்தான். கீழே பார்த்தான். படகுக்குள் பால் தேங்கிய இடத்தில் அவனுடைய காலும் மைத்துனனின் காலும் இருந்தன.

“வுட்டா மாமா மூஞ்சி நம்ம காலுல வந்து வுழும்” என்றான்.

“பரவால்ல, வுடுங்க.”

“அதெப்படிங்க வுடுறது.”

விடவில்லை. இன்னும் இறுக்கிக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டான். அந்த வீட்டில் யாரும் விட்டிருக்க மாட்டார்கள், அவனை மட்டும் குறை சொல்வதில் நியாயமில்லை. மாலையும் ஃப்ளெக்ஸும் உயர்ந்த கம்பமும் சேர்ந்து படகை ஒரேயடியாகப் படுக்க வைத்தன. சிங்க நாற்காலி முதலில் போனது. பெரியவர் அதற்குப் பின்னால் போனார்.

கழுத்தளவுத் தண்ணீர்தான். வேணி எழுந்து நின்று வாயிலிருந்த ஏரித் தண்ணீரைத் துப்பியபோது கரையிலிருந்து பத்துப் பதினைந்து பேர் வேட்டியை மடித்துக்கொண்டு ஓடி வருவது தெரிந்தது. அறிவழகனும் முத்தமிழ்செல்வனும் அதற்குள் எழுந்துவிட்டார்கள். எல்லாரும் ஒரே இடத்துக்குப் போனார்கள். ஃப்ளெக்ஸ் முகம் மேலே பார்க்கும்படி மிதந்துகொண்டிருந்தது. அதைச் சுற்றி நின்று, கம்பத்திலிருந்து அவிழ்த்து, நாலு மூலையையும் பிடித்து, தண்ணீர் படாமல் தலைக்கு மேலே தூக்கினார்கள். ஒருவன் தன் துண்டால் அந்த மீசையைத் துடைத்தான்.

கவிழ்ந்த படகுக்கு அந்தப் பக்கம் வைத்திலிங்கம் மிதந்துகொண்டிருந்தார். ஆரஞ்சு ஜாக்கெட் அவரை மல்லாக்கத் தூக்கிப் பிடித்திருந்தது. சால்வை முகத்தின் மேல் ஒட்டிக்கொள்ள, அதை விலக்கத் தெரியாமல் கையை அடித்துக்கொண்டிருந்தார். வேணி போய்ச் சால்வையை இழுத்தெறிந்து கழுத்துப்பட்டியைப் பிடித்தாள். கரையிலிருந்து அவரைப் பார்த்து வந்த ஒரே ஆள் பூமாலை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து அவருடைய இன்னொரு கையைப் பிடித்தாள். இரண்டு பெண்களும் அவரைக் கரைக்கு இழுத்து வருகையில், படத்தைத் தூக்கியவர்கள் அவர்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். ஃப்ளெக்ஸிலிருந்து சொட்டிய தண்ணீர் பெரியவரின் தலையில் விழுந்தது.

அப்பாவை ஏன் விட்டுவிட்டுப் போனாய் என்று அப்புறம் கேட்டதற்கு அறிவழகன், அதான் அப்பா ஜாக்கெட் போட்டிருந்தாரே என்றான். பொம்பளை செய்த படகு வேறெப்படி இருக்கும் என்று கரையில் பேசிக்கொண்டார்கள். செய்தவள் தப்பு என்பதில் வேணிக்கும் கருத்து வேறுபாடு இல்லை. குழியை மூடியது அவள் கை. படகை அவர்கள் டிராக்டரில் போட்டு எடுத்துப் போனபோது தடுக்கவும் இல்லை. பட்டறைக்குத் திரும்பிப் பென்குவின் செய்தாள். அதன் பிளந்த வாயைப் பார்க்கும்போதெல்லாம், கரையில் தன்னைப் பார்த்துச் சிரித்த வாய்கள் ஞாபகம் வந்தன.

பங்குனியில் ஒருநாள் பூமாலை ஒரு சேதி கொண்டுவந்தாள். அவளுடைய சொந்தக்காரர்கள் அறிவழகன் வயலில் உளுந்து பிடுங்கப் போயிருந்தார்கள். மாட்டுக்கொட்டகையில் ஒரு நீளமான கழனித் தொட்டி கிடக்கிறதாம், நம்ம பட்டறைச் சாமான் மாதிரி இருக்கிறதாம். வேணி பஸ் பிடித்துப் போனாள்.

அது அவள் படகுதான். பாதிவரை கழனித் தண்ணீர், அதன்மேல் ஊறிய புண்ணாக்கு, மேலே ஈ. பாய்மரக் குழியில் யாரோ முளைக்குச்சி அடித்து மாட்டைக் கட்டியிருந்தார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு கொட்டகையை விட்டு வெளியே வந்தவள், களத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

களத்தில் உளுந்துச் செடியைப் பரப்பி டிராக்டர் சுற்றி வந்துகொண்டிருந்தது. மண் ஒட்டாமல் இருக்க அடியில் ஒரு ஃப்ளெக்ஸ் விரித்திருந்தார்கள். டயர் போன வழியில் செடி விலகிய இடத்தில் ஒரு மையடித்த மீசை தெரிந்தது. அப்புறம் ஒரு கன்னம். டிராக்டர் ஓட்டியவன் முத்தமிழ்செல்வன். ஓரத்தில் வேப்ப மரத்தடியில் பிளாஸ்டிக் சேர் போட்டு வைத்திலிங்கம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“வா பாப்பா” என்றார். “காலையிலேருந்து பாக்குறேன். எம் மூஞ்சி மேலதான் ஓட்டுறான். அன்னிக்குக் காலு படும்னு கயித்த வுடாம நின்னான் பாரு, அவனேதான்.”

கோபம் வர வேண்டிய இடத்தில் வேணிக்கு ஓங்கரிப்புத்தான் வந்தது. விழா முடிந்தால் ஃப்ளெக்ஸ் வெறும் தார்ப்பாய் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். வைக்கோல் போருக்குப் போடுவார்கள், ஆட்டுக்கொட்டகைக்குக் கட்டுவார்கள். ஆனால் அன்றைக்கு ஒரு கிழவரைத் தண்ணீரில் விட்டுவிட்டு இதைத்தானே தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அறிவழகன் வந்தான். படகை எடுத்துக்கொள்ளட்டுமா என்று அவள் கேட்டதற்குத் தாராளமாகத் தலையாட்டினான். ரெசின் நாற்றத்துக்கு மாடு வாயே வைக்க மாட்டேனென்கிறது, எடுத்துப் போனால் இடம் காலியாகும் என்றான். மாட்டுக்காவது மூக்கு இருக்கிறதே என்று வேணி நினைத்துக்கொண்டாள். வண்டிக்கு ஆள் சொல்லிவிட்டுக் கிளம்பும்போது பெரியவர் கைகாட்டிக் கூப்பிட்டார்.

“அத மறுபடி தண்ணியில வுடுவியா?”

“வுடுவேங்க ஐயா.”

“வுடுறப்ப எனக்குச் சொல்லி அனுப்பு. அன்னிக்குப் பாதியிலயே கவுத்துட்ட. கரைக்குப் போயிச் சேரல நானு.”

கழனி நாற்றம் போக மூன்று முறை கழுவியும் திருப்தி வரவில்லை. உட்பக்கம் முழுவதையும் தேய்த்துப் புதுசாகப் பூசினார்கள். பின்குழியை மூடினாள். முன்னால், தானே ஊற்றி அடைத்த ரெசினைத் தானே குடைந்து எடுத்தாள். டிரில்லைப் பிடித்திருந்த கையில் வெள்ளைத் தூள் பறந்து ஒட்டியது. உயர்ந்த பாய்மரத்தை அறுத்துப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தாள். பெரிய சுக்கானைக் கழற்றி எறிந்துவிட்டு, முதலில் வரைந்த சின்னச் சுக்கானை மாட்டினாள். பட்டறை மூலையில் சுற்றி வைத்த வெள்ளைத் துணி அப்படியே இருந்தது. பூமாலை வீட்டுத் தையல் மெஷினில் பாய் தைத்தார்கள். புது அட்டை எதுவும் வெட்டவில்லை. அந்தக் கணக்கு முன்பே சரியாகத்தான் இருந்தது.

பொன்னேரியில் தண்ணீர் குறைந்து பாதியாகியிருந்தது, ஆனால் பலகை தரைதட்டாத அளவுக்கு நடுவில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை. கூட்டம் இல்லை, மைக் இல்லை. பூமாலை கரையில் நின்றாள். வைத்திலிங்கம் அழுக்கு வேட்டியோடு டி.வி.எஸ். பின்சீட்டில் வந்து இறங்கினார். ஜாக்கெட்டை அவராகவே கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டார். வேணி அவரைப் பலகைக்குச் சற்று முன்னால், படகின் தரையில் உட்கார வைத்தாள். அவர் எடை அங்கேதான் இருக்க வேண்டும். ராஜா மாதிரி உட்கார வைக்கவில்லையே என்று அவர் கேட்கவில்லை.

தென்காற்று மெதுவாக அடித்தது. பாய் நிரம்பியது. படகு லேசாகச் சாய்ந்து நகரத் தொடங்கியது. வேணியின் கை பழக்கத்தில் சுக்கானை இறுக்கியது, விலா பழைய வலிக்குத் தயாரானது. இழுப்பே இல்லை. விரலில் ஒரு குழந்தை கை வைத்த மாதிரி லேசான ஒரு கனம், அவ்வளவுதான். அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். கடைசி விரலையும் எடுத்தாள். படகு திரும்பவில்லை. எதிர்க்கரையில் ஒரு கருவேல மரத்தைப் பார்த்துக் கோடு கிழித்த மாதிரி போய்க்கொண்டிருந்தது. வேணிக்குக் கண் கலங்கியது, அதை அவள் துடைக்கவும் இல்லை.

எதிர்க்கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் போனைத் தூக்கி வீடியோ எடுத்தார். படகு பக்கத்தில் வந்ததும் கத்தினார்.

“ஏம்மா, பாயி சும்மா வெள்ளையா கெடக்கே, யாரு படமும் போடலியா? முன்னால ஒக்காந்திருக்கிற பெரியவரு யாரு, வெளியூரா?”

அந்த ஆளுக்குப் பின்னாலிருந்த மின்கம்பத்தில் தை மாதத்து ஃப்ளெக்ஸ் ஒன்று இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது, மீசை மட்டும் வெளுக்காமல். வைத்திலிங்கம் அதைப் பார்த்தார், அந்த ஆளைப் பார்த்தார். வாயில் குதப்பிய வெற்றிலையை ஓரமாகச் சாய்ந்து காறித் துப்பினார். வேறு நேரமாக இருந்தால் வேணிக்குக் குடலைப் புரட்டியிருக்கும். அன்றைக்கு அவளும் அவரோடு சேர்ந்து துப்பினாள். அவள் கை அப்போதும் சுக்கானைத் தொடவில்லை.